பெட்டி தேடிப் போவோம், வாருங்கள்



ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் தோட்டத்து வீடுகள் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். பிரட்டு இல்லாத நாள். அப்பா மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு ஒரு வாரத்துத் துணி காத்திருக்கும். பிள்ளை எங்கே என்று பார்த்தால், ஒரு மூலையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பான். "கொஞ்சம் வெளிய போய் விளையாடுடா" என்று அம்மா சொன்னால், "வெளிய என்னம்மா இருக்கு?" என்று திருப்பிக் கேட்பான்.

தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. இதற்கு அதட்டல் பதிலாகாது. கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவதும் இரண்டு நாளைக்குத்தான் பலிக்கும். ஆனால், அதே கைப்பேசியைக் கையில் கொடுத்துப் பிள்ளையை வெளியே அழைத்துப் போகும் ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது. குடும்பத்தோடு செய்யலாம், செலவும் அதிகமில்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

இந்தப் பொழுதுபோக்குக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். 'ஜியோ' என்பது பூமியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'கேச்' என்பது ஒளித்து வைத்ததைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நாம் சுருக்கமாகப் 'பெட்டி தேடுதல்' என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவர் ஒரு சிறிய பெட்டியை ஓரிடத்தில் ஒளித்து வைக்கிறார். அந்த இடம் பூமியின்மேல் எங்கே இருக்கிறது என்பதை இரண்டு எண்களால் குறிக்கிறார். அந்த எண்களை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகிறார். மற்றவர்கள் அவற்றைத் தங்கள் கைப்பேசியில் போட்டுக்கொண்டு தேடிப் போகிறார்கள். பெட்டிக்குள் ஒரு குறிப்பேடு இருக்கும். கண்டுபிடித்தவர் அதில் தம் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட்டுத் திரும்புகிறார். பணமும் இல்லை, பரிசும் இல்லை. தேடிக் கண்ட மகிழ்ச்சிதான் கூலி.

இது தொடங்கிய கதை சுவையானது. செயற்கைக்கோள்களை வைத்து இடமறியும் ஜி.பி.எஸ். முறை அமெரிக்க இராணுவம் உண்டாக்கியது. பொதுமக்கள் அதைப் பயன்படுத்தலாம் என்றாலும், அவர்களுக்குக் கிடைத்த குறிகளில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். அதனால் ஏறக்குறைய 100 மீட்டர் வரை இடம் தவறும். 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் தேதி அந்தப் பிழையை நிறுத்திவிட்டார்கள். மறுநாளே, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில சாமான்களைப் போட்டுக் காட்டோரம் வைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார். கருவி உண்மையாகவே இடத்தைக் காட்டுகிறதா என்று பார்க்கத்தான் அப்படிச் செய்தார். மூன்று நாளைக்குள் இரண்டு பேர் வாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த ஒரு வாளி இன்று உலகம் முழுவதும் முப்பது இலட்சம் பெட்டிகளாகப் பெருகியிருக்கிறது.

ஆனாலும், ஒளித்து வைத்துத் தேடுவது புதிய ஆசையல்ல. இங்கிலாந்தின் டார்ட்மூர் என்ற கரட்டு நிலத்தில் 1854ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டி, எளிதில் போக முடியாத ஓரிடத்தில் ஒரு போத்தலை வைத்தார். அங்கே வரை நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள்.

இங்கிலாந்து வரை ஏன் போகவேண்டும்? நம் சிலாங்கூரிலேயே இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. 1938ஆம் ஆண்டு கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்ற கணக்காய்வாளரும் அவருடைய நண்பர்களும் ஓர் ஓட்டக் குழுவைத் தொடங்கினார்கள். ஒருவர் முன்னே ஓடி வழிநெடுகக் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே போவார். பொய்த் தடங்களும் போடுவார். மற்றவர்கள் சரியான தடத்தைத் தேடிப் பின்னால் ஓடி வருவார்கள். பால்மரக் காடுகளுக்குள்ளும் அந்தத் தடங்கள் போயின. அந்தக் குழுவின் பெயர் ஹாஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ். கிஸ்பர்ட் 1942ஆம் ஆண்டு சிங்கப்பூர்ப் போரில் இறந்துபோனார். அவர் தொடங்கிய ஓட்டம் இன்று உலகின் பல நாடுகளில் நடக்கிறது. அன்றைக்குக் காகிதத் துண்டு காட்டிய வழியை இன்றைக்கு வானத்திலிருந்து வரும் குறி காட்டுகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

சரி, வானத்திலிருந்து எப்படி வழி தெரிகிறது? பிள்ளைகள் கேட்டால் பெற்றோர் சொல்லவேண்டும் அல்லவா?

மழைக்காலத்தில் மின்னல் வெட்டியதும் நாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வினாடிகளை எண்ணுவோம். மூன்று எண்ணியபின் இடி கேட்டால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இடித்திருக்கிறது என்று பொருள். ஒலி வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டோம். ஜி.பி.எஸ். முறையும் இதே கணக்குத்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் முப்பது செயற்கைக்கோள்கள் அளவில் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் "நான் இங்கே இருக்கிறேன், இப்பொழுது மணி இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வினாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்து, அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கைப்பேசி கணக்குப் போடுகிறது.

ஒரு தூரம் மட்டும் தெரிந்தால் போதாது. மூன்று கம்பங்களில் மூன்று கயிறுகளைக் கட்டி, மூன்றின் நுனியையும் ஒன்றாக இழுத்துப் பிடித்தால் அவை ஒரே இடத்தில்தான் சந்திக்கும். அதுபோல மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். நான்காவது ஒன்றும் வேண்டியிருக்கிறது. அது எதற்கு? கைப்பேசியின் கடிகாரத்தைத் திருத்துவதற்கு. ஒரு வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறிவிடும். ஆகவே, ஒரே நேரத்தில் நான்கு செயற்கைக்கோள்களாவது கைப்பேசிக்குத் தெரியவேண்டும்.

அதனால்தான் வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் இந்த முறை சிறப்பாக வேலை செய்கிறது. செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்வெளியில் நின்று பாருங்கள். சுமார் ஐந்து மீட்டருக்குள் இடம் காட்டும். செம்பனைக் காட்டுக்குள் மட்டைகள் வானத்தை மறைத்து நிற்கும்போது பிழை இன்னும் கூடும். அங்கே கைப்பேசியை நம்பியது போதும். கண்ணை நம்பவேண்டிய நேரம் அது. இன்னொரு நல்ல செய்தியும் சொல்கிறேன். செயற்கைக்கோளின் குறியைப் பெற இணையத் தொடர்பு வேண்டியதில்லை. வரைபடம் பார்க்கத்தான் இணையம் வேண்டும். 'லைன்' கிடைக்காத உள்தோட்டத்திலும் எண்களை வைத்துத் தேடலாம்.

இப்பொழுது அந்த எண்களைப் பார்ப்போம். இதைச் சொன்னதும் சிலர், "நமக்கு இதெல்லாம் வராது" என்று ஒதுங்குவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தோட்டத்து மக்களுக்கு இது பழைய பாடம். "மூணாம் டிவிஷன், எழுபத்தெட்டாம் வருசத்துக் காடு, ரோட்டுலேருந்து பன்னெண்டாவது நிரை, ஏழாவது மரம்" என்று தண்டல் சொன்னால், இருட்டோடு எழுந்து போகும் தொழிலாளி நேராக அந்த மரத்தடியில் போய் நிற்பார். ஆயிரக்கணக்கான மரங்களில் ஒரே மரத்தைக் குறிக்க நம் பெரியவர்களுக்கு நான்கு சொற்கள் போதுமாயிருந்தன. பூமிக்கும் அப்படித்தான் நிரை பிடித்திருக்கிறார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எவ்வளவு என்பது ஓர் எண். இங்கிலாந்தின் கிரீனிச் என்ற இடத்தின் வழியாகப் போகும் கோட்டிலிருந்து கிழக்கே எவ்வளவு என்பது மற்றோர் எண்.

கோல சிலாங்கூரின் மெலாவத்தி குன்று ஏறக்குறைய வடக்கே 3 பாகை 20.5 கலையிலும், கிழக்கே 101 பாகை 14.7 கலையிலும் இருக்கிறது. ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். அதை அறுபதாகப் பகுத்தால் ஒரு கலை, அது 1.85 கிலோமீட்டர். கலையை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு 1.85 மீட்டர், அதாவது ஓர் உயரமான ஆள் நீட்டிப் படுத்த நீளம். பாகையைத் தோட்டம் என்று கொண்டால், கலை டிவிஷன், புள்ளிக்குப் பின் வரும் எண்கள் நிரையும் மரமும். நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடக்குக் கணக்கும் கிழக்குக் கணக்கும் நீளத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கணக்குப் போடுகிறவர்களுக்கு இது ஒரு வசதி.

என் வகுப்பில் தசமம் என்றாலே முகத்தைத் தொங்கப் போடும் மாணவன் ஒருவன் இருந்தான். 20.55 என்று எழுதவேண்டிய இடத்தில் 20.055 என்று எழுதிவிட்டான். கரும்பலகையில் அது ஒரு சுழியம். காட்டில் அது 900 மீட்டருக்கு மேல்! வெயிலில் அவ்வளவு தூரம் நடந்துபோய், பெட்டி இல்லாத இடத்தில் நின்று விழித்த பிறகு அவன் சுழியத்தை இடம் மாற்றிப் போட்டதே இல்லை. நான் இரண்டு தவணையாகச் சொல்லிக்கொடுக்க முடியாததை அந்த ஒரு நடை சொல்லிக்கொடுத்தது.

பெரியவர்களும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சில கைப்பேசிகள் பாகையும் கலையுமாகக் காட்டும். சில, பாகையை மட்டும் தசமமாகக் காட்டும். 3 பாகை 20 கலை என்பது 3.20 பாகை அன்று, அது 3.333 பாகை. இரண்டையும் குழப்பிக்கொண்டு மெலாவத்தி குன்றைத் தேடினால், கைப்பேசி உங்களை மலாக்கா நீரிணையின் கடல் நடுவே போய் நிற்கச் சொல்லும்.

இனி, குடும்பத்தோடு எப்படி விளையாடலாம் என்று பார்ப்போம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உலகத்தார் வைத்த பெட்டிகளைத் தேடுவது. கைப்பேசியில் அதற்கான செயலியை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் போகும் ஊரில் பெட்டி இருக்கிறதா என்று அது காட்டும். மற்றொன்று, யாருக்கும் அறிவிக்காமல் நமக்குள்ளேயே விளையாடுவது. தொடங்குகிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மூடி இறுக்கமாகப் பூட்டும் சோற்று டப்பா ஒன்று போதும். அதற்குள் ஒரு சிறு குறிப்பேடு, ஒரு பென்சில். பேனா மை ஈரத்தில் கரையும், பென்சில் கரையாது. பிள்ளைகள் மகிழ ஒரு கோலிக்குண்டோ, பொத்தானோ, சிறு பொம்மையோ போடலாம். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடான ஒன்றை வைக்கவேண்டும் என்பது இந்த விளையாட்டின் நேர்மை. தின்பண்டம் வைக்கக்கூடாது, எறும்பும் குரங்கும் நமக்கு முன்னே கண்டுபிடித்துவிடும். மூடி சரியாக மூடவில்லை என்றால் மழைநீர் தேங்கி டெங்கிக் கொசுவுக்கு வீடாகிவிடும். ஆகவே மாதம் ஒரு முறையாவது வைத்தவரே போய்ப் பார்த்து வரவேண்டும். பார்க்க முடியாது என்றால் வைக்கவே வேண்டாம்.

ஒரு வாரம் அப்பாவும் அம்மாவும் ஒளித்து வைக்கட்டும், பிள்ளைகள் தேடட்டும். மறுவாரம் பிள்ளைகள் ஒளித்து வைக்கட்டும். முதல் பெட்டிக்குள் அடுத்த பெட்டியின் எண்களை எழுதி வைக்கலாம். எண்களோடு ஒரு விடுகதையும் சேர்ந்தால் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் வேலை வந்துவிடும். எங்கள் பிள்ளைகள் கட்டிய விடுகதை ஒன்று: "கழுத்தைத் திருகினால் அழுவான், மறுபடி திருகினால் நிறுத்துவான்; அவன் காலடியில் பார்." விடை தெரிகிறதா? பொதுத் தண்ணீர்க் குழாய்!

இதில் மறக்கக்கூடாத சில காரியங்கள் உண்டு. முதலாவது அனுமதி. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொடக்கத்தில் ஒரு தோட்டத்தில், யாரிடமும் கேட்காமல் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு பெட்டியைக் கட்டி வைத்தேன். காவலாளி அதைப் பார்த்துவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ வைத்த மர்மப் பெட்டி என்றால் அவர் வேறென்ன நினைப்பார்? அலுவலகத்துக்குத் தகவல் போய், நானும் போய், மன்னிப்புக் கேட்டுப் பெட்டியை வாங்கி வந்தேன். தவறு என்னுடையது. தோட்டம் நாம் பிறந்த மண்ணாக இருக்கலாம். ஆனால் சட்டப்படி அது நிர்வாகத்தின் நிலம். முன்கூட்டியே கேளுங்கள். பெட்டியின் மேல் 'இது குடும்ப விளையாட்டுப் பெட்டி' என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். பாலம், மின்சார நிலையம், தண்ணீர்த் தொட்டி, வழிபாட்டு இடம் இவற்றின் அருகே வேண்டாம்.

இரண்டாவது, குழி தோண்டிப் புதைக்கக்கூடாது. உலக அளவில் விளையாடுகிறவர்களுக்கும் பொதுவாக இதுதான் விதி. இரண்டு பெட்டிகளுக்கு இடையே 161 மீட்டராவது இருக்கவேண்டும் என்றும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். மரத்தில் ஆணி அடிப்பதும் தவறு.

மூன்றாவது, பாதுகாப்பு. வெட்டிப் போட்ட மட்டைக் குவியலில் எலி குடியிருக்கும். எலியைத் தேடி நாகம் வரும். மட்டைக் குவியலில் பெட்டியை ஒளிக்கவே கூடாது. எங்கே ஆனாலும் கையை விடுவதற்கு முன் ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள். குலை வெட்டும் நாளிலும் மருந்து அடிக்கும் நாளிலும் அந்தக் காட்டுப் பக்கம் போகாதீர்கள். மரத்தடியில் வைத்திருக்கும் எலி மருந்துக் கட்டிகளைப் பிள்ளைகள் தொடக்கூடாது. கடலோரத் தோட்டங்களில் வடிகால்கள் ஆழமானவை. அவற்றின் குறுக்கே கிடக்கும் பலகையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கவேண்டும். காலணி, குடிநீர், தொப்பி இந்த மூன்றும் இல்லாமல் கிளம்பவேண்டாம். வானம் இருண்டு இடி உறுமினால், பெட்டி பத்தடி தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். பெட்டி நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

வீட்டுப் பக்கம் பழகிய பிறகு, விடுமுறை நாளில் கோல சிலாங்கூர்ப் பட்டணத்துக்குப் போகலாம். பெட்டி வைக்காமலே அங்கே தேடல் நடத்தலாம். பெற்றோர் முன்கூட்டியே நான்கைந்து இடங்களின் எண்களையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியையும் தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். பிள்ளைகள் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, பார்த்து, விடை எழுதவேண்டும்.

மெலாவத்தி குன்றில் அதற்கு நிறைய இருக்கிறது. சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தைக் காவல் காத்த குன்று அது. 1784ஆம் ஆண்டு டச்சுக்காரர்கள் அங்கிருந்த கோட்டையைப் பிடித்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். அந்தக் கால பீரங்கிகள் இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. "பீரங்கியின் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறது? ஏன் அந்தத் திசை?" என்று கேளுங்கள். திசை பார்க்கத் தெரிந்த பிள்ளை வரலாற்றையும் பார்த்துவிடும். பக்கத்திலேயே 27 மீட்டர் உயரமான கலங்கரை விளக்கம். அது 1907ஆம் ஆண்டு எழுந்தது. செயற்கைக்கோள் இல்லாத நாளில் கப்பல்களுக்கு இடம் சொன்ன விளக்கு அது. இன்று நம் கையிலுள்ள கைப்பேசி செய்யும் வேலையைத்தான் அன்று அது செய்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அங்குள்ள குரங்குகளிடம் மட்டும் கவனம். உணவுப் பையும் கைப்பேசியும் பத்திரம்.

குன்றின் அடிவாரத்தில் 1987ஆம் ஆண்டு தொடங்கிய இயற்கைப் பூங்கா இருக்கிறது. அலையாத்திக் காட்டையும் பறவைகளையும் அங்கே பார்க்கலாம். இரவு வரை தங்கினால் கம்போங் குவந்தானில் மின்மினிகளைப் பார்த்துவிட்டு வரலாம். ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே நேரத்தில் மின்னி அணையும். இப்படிப்பட்ட இடங்களில் எதையும் ஒளித்து வைக்கவேண்டாம். கைவிளக்கையும் கைப்பேசி வெளிச்சத்தையும் அணைத்துவிட்டுக் கண்ணால் மட்டும் பாருங்கள்.

நேயர்களே, கடைசியாக ஒன்று சொல்லவேண்டும். இந்த விளையாட்டை நான் பெரிதாக நினைப்பதற்கு அதுதான் காரணம்.

நம் வட்டாரத்தில் நிலம் எத்தனையோ முறை உருமாறிவிட்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டு, இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் உண்டானது. அதை உண்டாக்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரோ 'தென்னமரம்'. நம் தமிழ்ப் பெயர்! பிறகு பால்மரக் காடுகள் ஒவ்வொன்றாகச் செம்பனைக் காடுகளாயின. செம்பனைக் காடுகள் சில வீடமைப்புத் திட்டங்களாயின. லயங்கள் இடிபட்டன; குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. லயம் இருந்த இடத்துக்கு எந்த வரைபடத்திலும் பெயர் இல்லை. அது சிலருடைய நினைவில் மட்டும் இருக்கிறது.

என் மாணவர் ஒருவரின் பாட்டி முன்பு பால் வெட்டியவர். எழுபது வயதைத் தாண்டியவர். "எங்க பழைய லயத்தைக் காட்டுறேன், வாங்க வாத்தியாரே" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தார். நிர்வாகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, நான்கு குடும்பங்கள் கிளம்பினோம். காட்டுக்குள் எல்லாத் திசையும் ஒன்றுபோல இருந்தது. கைப்பேசியில் தேட எங்களிடம் எண்கள் இல்லை. பாட்டி சடக்கோரத்து மதகில் நின்று சுற்றிலும் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

செம்பனைகளுக்கு நடுவே ஒரு பெரிய மாமரம் நின்றது. "இது எங்க வாசல் மரம். எங்க அப்பா நட்டது" என்றார். சற்றுத் தள்ளி, செடிகொடிக்குள் ஒரு சிமெண்டுத் தரை. "இது ஆயாக்கொட்டகை. ஒன் அப்பன் இங்கதான்டா கெடந்தான், நான் காட்டுக்குப் போனப்ப" என்று பேரனிடம் சொன்னார். அவன் அந்தத் தரையைக் கையால் தடவிப் பார்த்தான். கிணறு இருந்த இடத்தையும் காட்டினார். அது கற்பலகையால் மூடியிருந்தது. பிள்ளைகளை அருகே விடாமல் தூரத்திலிருந்தே பார்த்தோம்.

மாமரம், ஆயாக்கொட்டகை, கிணறு, கோயில் இருந்த மேடை ஆகிய நான்கு இடங்களிலும் பிள்ளைகள் நின்று எண்களைக் குறித்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பாட்டி சொன்ன செய்தியை எழுதினார்கள். மாமரத்து வேரிடுக்கில் ஒரு பெட்டியை வைத்தோம். பாட்டி வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பால் மங்கு ஒன்றை அதில் போட்டார். குறிப்பேட்டின் முதல் வரியில் தம் பெயரை மெதுவாக, எழுத்துக் கூட்டி எழுதினார்.

அந்த மாமரமும் ஒருநாள் போய்விடலாம். ஆனால் அந்த நான்கு இடங்களின் எண்களும் போகமாட்டா. பட்டணத்து அடுக்கு வீட்டில் பிறக்கப்போகும் பிள்ளைகூட, முப்பது ஆண்டு கழித்து அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு தன் பாட்டன் வாசலில் வந்து நிற்க முடியும்.

ஆகவே பெற்றோர்களே, தாத்தாவும் பாட்டியும் இருக்கும்போதே அவர்களை அழைத்துக்கொண்டு ஒருமுறை கிளம்புங்கள். அவர்கள் வழிகாட்டட்டும், பிள்ளைகள் எண்களைக் குறிக்கட்டும். கைப்பேசியின் நினைவை மட்டும் நம்பாமல் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வையுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளை, "வெளிய என்னம்மா இருக்கு?" என்று கேட்டால் பதில் சொல்லவேண்டாம். "வா, தேடிப் பார்க்கலாம்" என்று சொல்லிக் காலணியை எடுத்துக் கொடுங்கள்.